திருக்கோவிலூருக்கு ஃபாரின்ல இருந்து வர்றீங்களா? தங்கம், டிவி, பார்சல்: ஏர்போர்ட் சுங்க விதிகள் சொல்வது என்ன?

துபாயில் இருந்தோ சிங்கப்பூரில் இருந்தோ ஒருவர் ஊருக்கு வரப்போகிறார் என்றால், திருக்கோவிலூர் பக்கம் வீட்டில் முதலில் தயாராவது ஒரு லிஸ்ட். கோடாலி தைலம், டாங், நிடோ பால் பவுடர், சென்ட், கம்பளி. அதோடு தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு செயின். லிஸ்டில் இல்லாத ஒரு பொருளும் பெட்டிக்குள் வந்துவிடும். கிளம்புகிற அன்று ரூமுக்கு வந்து யாரோ ஒருவர் கொடுக்கிற பார்சல் அது. "அண்ணே, இதை மட்டும் கொண்டுபோயிடுங்க. என் மச்சான் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிப்பாரு."

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சர்வதேச விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் உள்ள சேலம், புதுச்சேரி விமான நிலையங்களில் உள்நாட்டு விமானங்கள் மட்டும்தான். அதனால் இந்தப் பக்கத்து ஆட்கள் வந்து இறங்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, விழுப்புரம் வழியாக ஊர் வந்து சேரும் சென்னை. இன்னொன்று, உளுந்தூர்பேட்டை வழியாக வரும் திருச்சி. எங்கே இறங்கினாலும் சுங்க விதி ஒன்றுதான். அந்த விதி 2026 பிப்ரவரி 2 முதல் மாறியிருக்கிறது. 2016-ல் வந்த பழைய பேக்கேஜ் விதிகள் போய், 'பேக்கேஜ் விதிகள் 2026' நடைமுறைக்கு வந்துள்ளது. ஆனால் வாட்ஸ்அப்பில் இன்னும் பழைய கணக்குதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பச்சை வழியா, சிவப்பு வழியா?

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது இரண்டு வழி இருக்கும். வரி கட்ட வேண்டிய பொருள் எதுவும் இல்லாதவர்கள் பச்சை வழியில் போகலாம். வரிக்குரிய பொருளோ, தடை செய்யப்பட்ட பொருளோ வைத்திருப்பவர்கள் சிவப்பு வழிக்குப் போய் அதிகாரியிடம் சொல்ல வேண்டும்.

நிறைய பேர் இதைச் சும்மா நடந்துபோகும் பாதையாகத்தான் பார்க்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பச்சை வழியில் காலை வைத்தாலே, 'என்னிடம் வரி கட்ட வேண்டிய பொருள் எதுவும் இல்லை' என்று சொன்னதாக அர்த்தம். அதற்குப் பிறகு பெட்டியில் பொருள் கிடைத்தால், அது வரி பாக்கி விவகாரமாக இருக்காது. மறைத்துக் கொண்டுவந்ததாக வழக்கு ஆகும். அதே பொருளோடு சிவப்பு வழிக்குப் போயிருந்தால், வரியைக் கட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாம்.

விமானம் ஏறும் முன்பே போனில் விவரம் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. மத்திய மறைமுக வரிகள் வாரியம் இதற்காக 2019-ல் 'அதிதி' என்ற ஆப்பைக் கொண்டுவந்தது. ஆப்பெல்லாம் வராது என்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சிவப்பு வழி கவுண்டரில் நேரில் சொன்னாலும் போதும்.

75,000 ரூபாய் கணக்கு எப்படி?

இந்தியாவில் குடியிருப்பவர்கள், வெளிநாட்டில் வசிக்கும் இந்திய வம்சாவளியினர் ஆகியோர் விமானத்தில் வரும்போது ஒருவருக்கு 75,000 ரூபாய் மதிப்புள்ள பொருள் வரை வரி இல்லை. முன்பு இது 50,000 ரூபாய். சுற்றுலா வரும் வெளிநாட்டவருக்கு 15,000-ஆக இருந்தது 25,000 ஆகியிருக்கிறது.

உடுத்திய துணி, பயன்படுத்திய செருப்பு, கையில் இருக்கும் பழைய போன் போன்றவை இந்தக் கணக்கில் சேராது. அவை சொந்த உபயோகப் பொருள். 18 வயது முடிந்தவர் ஒரு லேப்டாப்பையும் தனியாக வரியில்லாமல் கொண்டுவரலாம். பெட்டி பிரிக்காத புது போன், சென்ட், வாட்ச், மிக்ஸி, சாக்லேட் எல்லாம் 75,000-க்குள் வர வேண்டும்.

உதாரணத்துக்கு ஒருவர் 60,000 ரூபாய் போன் ஒன்றும், மற்ற சாமான்கள் 35,000 ரூபாய்க்கும் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 95,000. இதில் 75,000 போக மீதி 20,000-க்குத்தான் வரி. பேக்கேஜ் பொருளுக்குப் பல வருடங்களாக இருந்துவரும் விகிதம் 38.5 சதவீதம். அடிப்படை வரி 35, அதன் மேல் சமூக நல கூடுதல் வரி சேர்த்து இந்தக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 7,700 ரூபாய். வலிக்கும்தான். ஆனால் 60,000 ரூபாய் போனையே விட்டுவிட்டு வருவதை ஒப்பிட்டால் சிறிய தொகை.

குடும்பமாக வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. "நாங்க நாலு பேரு, அப்போ 3 லட்சம் வரைக்கும் கொண்டு வரலாமே" என்று ஒரே பொருளுக்கு நாலு பேர் சலுகையையும் கூட்டிவிடுவார்கள். அது செல்லாது. ஒருவர் சலுகையை இன்னொருவர் கணக்கோடு சேர்க்க முடியாது. 1,50,000 ரூபாய் கேமராவை கணவன் 75,000, மனைவி 75,000 என்று பங்கு போட முடியாது. கைக்குழந்தைக்கு அதன் பயன்படுத்திய பொருட்கள் மட்டும்தான். பணக் கணக்கில் சலுகை இல்லை.

வாங்கிய பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது. பில் இல்லை என்றால் விலையை அதிகாரிதான் நிர்ணயிப்பார். தள்ளுபடியில் வாங்கினேன் என்று அப்போது சொல்லிப் பயனில்லை. சென்னையிலோ திருச்சியிலோ இறங்கிய பிறகு அங்குள்ள டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்குவதும் இதே அளவுக்குள்தான் வரும். கடையின் பெயர் டியூட்டி ஃப்ரீ என்பதால் அளவே இல்லை என்று ஆகிவிடாது.

டிவி மட்டும் ஏன் தனி?

ஒரு காலத்தில் கல்ஃபில் இருந்து வருகிறவர் கையில் டிவி பெட்டி இல்லாமல் வந்தால்தான் ஆச்சரியம். 2013 ஆகஸ்ட் 26 முதல் அந்தச் சலுகை நின்றுபோனது. ரூபாய் மதிப்பு சரிந்துகொண்டிருந்த நேரம் அது. எல்சிடி, எல்இடி, பிளாஸ்மா என்று எந்தத் தட்டை டிவியாக இருந்தாலும் முதல் ரூபாயில் இருந்தே வரி உண்டு. 75,000 ரூபாய் சலுகை டிவிக்குப் பொருந்தாது. 40,000 ரூபாய் டிவிக்கு 38.5 சதவீதம் என்றால் 15,400 ரூபாய். விமானத்தில் கூடுதல் லக்கேஜ் கட்டணமும் சேர்ந்தால், அதே டிவியைக் கள்ளக்குறிச்சி கடையில் வாங்குவதே லாபம்.

தங்கம்: 40 கிராம் எப்படி 1 பவுனாகச் சுருங்கியது?

அதிகம் பேர் மாட்டுவது இந்த இடத்தில்தான். முதலில் நகைக்கும் கட்டித் தங்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நகை என்றால், ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்குத் தனிச் சலுகை இருக்கிறது. பெண் என்றால் 40 கிராம், அதாவது 5 பவுன். மற்றவர்களுக்கு 20 கிராம், அதாவது இரண்டரை பவுன். 2016 விதியிலும் இதே எடைதான் இருந்தது. ஆனால் கூடவே ஒரு விலை வரம்பும் இருந்தது. பெண்ணுக்கு 1 லட்சம் ரூபாய், ஆணுக்கு 50,000 ரூபாய்.

விதி வந்த 2016-ல் இருந்த தங்க விலைக்கு அந்த வரம்பு ஓரளவு பொருந்தியது. அப்புறம் விலை ஏறிக்கொண்டே போனது. 2025 டிசம்பரில் சென்னையில் ஒரு பவுன் 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. தாளில் 40 கிராம் என்று எழுதியிருந்தாலும், ஒரு பெண் வரியில்லாமல் கொண்டுவர முடிந்தது ஒரு பவுனுக்கும் குறைவு. ஆணுக்கு அரைப் பவுன்கூட இல்லை. இரண்டு வருடம் வெயிலில் உழைத்துவிட்டு, தங்கச்சிக்கு 2 பவுன் செயின் வாங்கி வந்த ஆள் குற்றவாளி மாதிரி நின்றதற்கு இந்தப் பழைய விலை வரம்பும் ஒரு காரணம். 2026 விதியில் விலை வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. இனி எடை மட்டும்தான் கணக்கு.

ஆனால் 'ஒரு வருடத்துக்கு மேல்' என்ற நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது. 10 நாள் சிங்கப்பூர், மலேசியா டூர் போய்விட்டு வருகிறவருக்கு இந்த நகைச் சலுகை கிடையாது. 8 மாதத்தில் விசா முடிந்து திரும்புகிறவருக்கும் இல்லை. "பக்கத்து வீட்டு அக்கா 5 பவுன் கொண்டு வந்தாங்களே" என்றால், அந்த அக்கா எத்தனை மாதம் அங்கே இருந்தார் என்று முதலில் கேட்க வேண்டும்.

கட்டி, பிஸ்கட், காசு என்றால் வேறு கணக்கு. ஆபரணமாக இல்லாத தங்கமும் வெள்ளியும் வரி இல்லாத சலுகைக்குள் வரவே வராது. ஒரு கிராம் காசுக்கும் வரி உண்டு. பாஸ்போர்ட்டில் இந்தியர் அல்லது இந்திய வம்சாவளி, குறைந்தது 6 மாதம் வெளிநாட்டில் தங்கியவர் என்றால் சலுகை வரியில் 1 கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம். இடையில் ஊருக்கு வந்துபோன நாட்கள் மொத்தம் 30-க்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. இந்தச் சலுகை வரி 15 சதவீதமாக இருந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை 6 சதவீதமாகக் குறைத்தார்கள். தங்க வரி பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது என்பதால், டிக்கெட் போடும்போதே அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. இந்தச் சலுகை வரியை ரூபாயில் கட்ட முடியாது. டாலர், திர்ஹாம் மாதிரி மாற்றத்தக்க வெளிநாட்டுப் பணத்தில்தான் கட்ட வேண்டும். கையில் இருந்த திர்ஹாம் எல்லாவற்றையும் துபாய் ஏர்போர்ட்டிலேயே செலவழித்துவிட்டு வந்தால், கவுண்டரில் தவிக்க வேண்டியிருக்கும். கல், முத்து பதித்த நகைக்கும் இந்தச் சலுகை விகிதம் கிடையாது. 6 மாதம் ஆகாதவருக்குச் சாதாரண பேக்கேஜ் வரியான 38.5 சதவீதம்தான்.

முன்பு இப்படிக்கூட முடியாது. 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. 1992-ல்தான் வெளிநாடுவாழ் இந்தியர்கள் வரி கட்டி 5 கிலோ வரை கொண்டுவர அனுமதி கிடைத்தது. வரி உயரும்போதெல்லாம் கடத்தலும் பெருகும் என்பதைத் தமிழ்நாட்டு விமான நிலையங்கள் பலமுறை பார்த்திருக்கின்றன.

கழுத்தில் போட்டிருக்கும் தாலியையும் கேட்பார்களா?

இந்தக் கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2023 டிசம்பரில் சென்னை விமான நிலையத்தில் இறங்கிய இலங்கையைச் சேர்ந்த புதுமணப் பெண் ஒருவரிடம் இருந்து, 11 பவுன் தாலிக்கொடி உள்ளிட்ட நகையை சுங்கத்துறை பறிமுதல் செய்தது. 2025-ல் நகையைத் திருப்பித் தரும்படி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். பேக்கேஜ் விதி என்பது பெட்டியில் கொண்டுவரும் பொருளுக்குத்தான், உடம்பில் அணிந்திருக்கும் நகைக்கு அல்ல என்றும், தாலியைக் கழற்ற வைத்தது ஏற்கத்தக்கதல்ல என்றும் அந்த உத்தரவில் கண்டிக்கப்பட்டது.

இதைப் பார்த்துவிட்டு, "போட்டுக்கிட்டு வந்தா வரி இல்லை" என்று முடிவு செய்யக் கூடாது. அது ஒரு பயணியின் வழக்கில் வந்த உத்தரவு. அந்த உத்தரவு வரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கவுண்டரில் நிற்கும் அதிகாரி, கழுத்தில் புதுசாக மின்னும் 10 பவுனைப் பார்த்தால் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. அதைப் போகும்போதே செய்ய வேண்டும். ஊரில் இருந்து நகை போட்டுக்கொண்டு வெளிநாடு கிளம்புகிறவர்கள், புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் காட்டி சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். என்ன நகை, எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். திரும்பி வரும்போது அந்தத் தாளைக் காட்டினால், அது இங்கிருந்து போன நகை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. விலை உயர்ந்த கேமரா கொண்டுபோகிறவர்களுக்கும் இது உதவும். மகள் பிரசவத்துக்காக சிங்கப்பூர் போகும் அம்மாக்கள், போட்டிருக்கும் பழைய நகைக்கு இதை வாங்காமல் போய்விடுகிறார்கள். அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் முடிகிற வேலைதான்.

"இதை மட்டும் கொண்டுபோயிடுங்க"

இனி அந்தப் பார்சல் விஷயம். கூலிக்குப் பொருள் கொண்டுவருகிறவர்களை 'குருவி' என்று சொல்வது சென்னையில் பழைய வழக்கம். அந்தப் பெயரில் விஜய் படமே வந்தது. ஆனால் எல்லாக் குருவியும் தெரிந்தே பறப்பதில்லை. டிக்கெட் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வார்கள். சில நேரம் வெறும் நட்புக்காகக் கேட்பார்கள். உள்ளே சென்ட் பாட்டில் என்பார்கள், அயர்ன் பாக்ஸ் என்பார்கள். மின்சாதனத்துக்குள் தகடாகவும், பேஸ்ட் வடிவில் உள்ளாடையிலும், கேப்சூலாக உடம்புக்குள்ளும் தங்கம் கடத்தி வந்து பிடிபடுவது திருச்சி, சென்னை விமான நிலையச் செய்திகளில் வாடிக்கை.

பெரிய அளவில் நடப்பதற்கும் உதாரணம் உண்டு. சென்னை விமான நிலையத்துக்குள்ளேயே இருந்த ஒரு பரிசுப்பொருள் கடை வழியாக, இரண்டே மாதத்தில் 267 கிலோ தங்கம் கடத்தப்பட்டதாக 2024-ல் சுங்கத்துறை சொன்னது. அதன் மதிப்பு 167 கோடி ரூபாய். இப்படிப்பட்ட சங்கிலியில் பிடிபடுவது பெரும்பாலும் கையில் பொருளை வைத்திருக்கும் கடைசி ஆள்தான்.

"எனக்குத் தெரியாது, வேற ஒருத்தர் குடுத்தது" என்று சொன்னால் விடுவார்களா? பொருள் யார் பெட்டியில் இருக்கிறதோ, பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அது கடத்தல் பொருள் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு, தங்கம் விஷயத்தில் அதை வைத்திருந்தவர் மேலேயே விழுகிறது. சுங்கச் சட்டம் 1962-ன் 123-வது பிரிவு சொல்வது இதுதான்.

பிடிபட்டால் நடப்பது இது. சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதுவார்கள். பொருளைப் பறிமுதல் செய்வார்கள். 108-வது பிரிவில் வாக்குமூலம் வாங்குவார்கள். போலீஸ் முன்னால் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று பலருக்குத் தெரியும். சுங்க அதிகாரியிடம் கொடுப்பது அப்படி இல்லை. அது சாட்சியமாக ஏற்கப்படும். அதனால் புரியாத மொழியில் எழுதிய தாளில், வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரத்தில் கையெழுத்துப் போடுவது ஆபத்து. தமிழில் எழுதச் சொல்லவோ, படித்துக் காட்டச் சொல்லவோ தயங்க வேண்டாம். கையெழுத்திடும் மகஜருக்கு நகல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு நோட்டீஸ், விசாரணை, அபராதம். சில வழக்கில் மீட்பு அபராதம் கட்டிப் பொருளைத் திரும்பப் பெற அனுமதிப்பார்கள். சில வழக்கில் பொருள் அரசுக்கே போய்விடும். மதிப்பு பெரிதாக இருந்தால் கைது, சிறை. சந்தை மதிப்பு 1 கோடி ரூபாய்க்கு மேல் என்றால் 7 வருடம் வரை தண்டனை உண்டு. விசா காலம் முடிவதற்குள் வேலைக்குத் திரும்ப வேண்டியவருக்கு வழக்கு நடக்கும் மாதங்களே பெரிய தண்டனை. கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிப் போன வேலை, ஒரு பார்சலில் போய்விடும். மச்சான் ஏர்போர்ட் வாசலில் காத்திருப்பார் என்று சொன்னார்களே, அவர் அன்று வரவே மாட்டார்.

சரக்கு, சிகரெட், பணம்

மதுபானம் 2 லிட்டர். சிகரெட் 100, அல்லது சுருட்டு 25, அல்லது புகையிலை 125 கிராம். இதற்கு மேல் போனால் வரி உண்டு. இ-சிகரெட்டை வரி கட்டியும் கொண்டுவர முடியாது. 2019 முதல் நாடு முழுக்கத் தடை. டிரோனை பொம்மை என்று நினைத்துக் குழந்தைக்கு வாங்கி வருவது இப்போது அதிகம். வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கும் தடை இருக்கிறது.

வெளிநாட்டுப் பணம் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுவரலாம். ஆனால் நோட்டாக 5,000 அமெரிக்க டாலருக்கு மேல், திர்ஹாமில் சுமார் 18,000-க்கு மேல் இருந்தால் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பயணக் காசோலை எல்லாம் சேர்த்து என்றால் 10,000 டாலர் வரம்பு. இந்திய ரூபாய் நோட்டு போகும்போதும் வரும்போதும் 25,000 வரைதான்.

போகும்போது: மசாலா டப்பாவில் இருக்கும் ஆபத்து

வரும்போது இருக்கும் பயம் போகும்போது யாருக்கும் இருப்பதில்லை. ஆனால் சிறைக்குப் போகும் அளவுக்கான தவறு சில நேரம் அம்மா கட்டிக்கொடுத்த மசாலா டப்பாவில் இருக்கும். குருமாவுக்குப் போடும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் போதைப்பொருள் வகையில் தடை செய்யப்பட்டது. சிங்கப்பூரிலும் சாதாரணமாகக் கொண்டுபோக முடியாது. தனியாகப் பாக்கெட்டில் வைத்தாலும், அரைத்த குருமா பொடியில் கலந்திருந்தாலும் கசகசா கசகசாதான். துபாய் சுங்கத்துறையின் தடைப் பட்டியலில் வெற்றிலையும் இருக்கிறது.

மாத்திரையிலும் கவனம் தேவை. டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்து ஆகியவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதியும் டாக்டர் சீட்டும் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய முதுகுவலி மாத்திரை என்று அங்கே விளக்கம் சொல்ல முடியாது.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. வாயில் மெல்லும் புகையிலைக்கும் இ-சிகரெட்டுக்கும் அங்கே முழுத் தடை. சிகரெட்டுக்கு வரிச் சலுகையே கிடையாது. ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும்.

நினைவுப் பரிசு விஷயத்தில் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குப் பிள்ளையார் சிலையோ யானையோ வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதிகம். ஆஸ்திரேலியா போகிறவர்கள் அதை வருகைப் படிவத்தில் 'மரப்பொருள்' என்று கட்டாயம் எழுத வேண்டும். எழுதினால் பார்த்துவிட்டு பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மறைத்தால் அபராதம். மரத்தில் பூச்சி, துளை இருந்தால் சிலையே உள்ளே போகாது.

வெண்கலம், கல் சிலை என்றால் இந்தியாவில் கிளம்பும் இடத்திலேயே கேள்வி வரும். 100 வருடத்துக்கு மேல் பழமையான கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாடு கொண்டுபோகக் கூடாது என்று 1972-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் வீரசோழபுரம் நாரீஸ்வரர் சிவன் கோயிலில் திருடுபோன வெண்கலச் சிலைகள் அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருப்பதாக 2022-ல் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு கண்டறிந்தது. இந்த அனுபவத்துக்குப் பிறகு பழசு மாதிரி தெரியும் எந்தச் சிலையையும் அதிகாரிகள் சும்மா விடுவதில்லை. புதுச் சிலையாக இருந்தாலும் கடை பில்லும், 'தொல்பொருள் அல்ல' என்ற இந்தியத் தொல்லியல் துறைச் சான்றிதழும் இருந்தால் விமானத்தைத் தவறவிட வேண்டியிருக்காது.

வரி கட்ட கையில் பணம் இல்லை என்றால்?

பொருளை மறைக்காமல் சொல்லியாகிவிட்டது, ஆனால் வரி கட்டப் பணம் இல்லை. அல்லது ஒரு மாத லீவில் வந்திருக்கிறோம், எதற்கு வரி கட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 80-வது பிரிவின்படி பொருளைச் சுங்கத்துறையிடமே ஒப்படைத்துவிட்டு, திரும்பி வெளிநாடு போகும்போது வாங்கிக்கொள்ளலாம். அதற்குத் தரும் ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். உண்மையைச் சொன்னவருக்கு மட்டும்தான் இந்த வசதி. பச்சை வழியில் போய் மாட்டிய பிறகு கேட்க முடியாது.

வரி கட்டினாலும் ரசீது இல்லாமல் நகரக் கூடாது. ரசீது இல்லாமல் யாராவது பணம் கேட்டால், அது வரி இல்லை.

இன்னொரு சூழ்நிலை. விமானம் வந்துவிட்டது, ஒரு பெட்டி மட்டும் வரவில்லை. கடுப்பில் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. விமான நிறுவனத்திடம் பெட்டி வரவில்லை என்று எழுதி வாங்கி, அதில் சுங்க அதிகாரியின் கையெழுத்தையும் வாங்க வேண்டும். 75,000 ரூபாய் சலுகையில் இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்று அவர் அதில் குறித்துத் தருவார். நாலு நாள் கழித்துப் பெட்டி வந்து சேரும்போது, உள்ளே இருக்கும் பொருளுக்கு அந்த மீதிச் சலுகை கிடைக்கும்.